எட்டாக மடித்த துண்டு

என் அண்ணி இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் என்று சொன்னால், நர்ஸா என்று கேட்பார்கள். இல்லை. சலவைக்கூடம். ஆஸ்பத்திரியின் முதுகுப் பக்கம், பிணவறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு நீளக் கட்டடம். அதன் ஜன்னல்களில் எந்நேரமும் நீராவி வழிந்துகொண்டிருக்கும். முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு அப்படி ஒரு கட்டடம் இருப்பதே தெரியாது. வெள்ளை விரிப்பு தானாகவே வெள்ளையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும்.

நானும் அங்கேதான். சேர்த்துவிட்டவரே அண்ணிதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த ஆறாவது மாதம், "வீட்ல உக்காந்து என்னோட சண்டை போடறதுக்கு அங்க வந்து போடு, சம்பளமாவது வரும்" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அண்ணனைக் கட்டிய ஒரே தகுதியில் அவர் "நீங்க" ஆனார், நான் "நீ"யாகவே நின்றேன். இந்த அநியாயத்தை நான் மன்னிக்கவே இல்லை. அண்ணி கிழக்கு என்றால் நான் மேற்கு. அவர் பேச்சை நான் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. இரண்டே இரண்டு முறை கேட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் உருளையில் ஜோடி. உருளை என்பது கட்டிலைவிட நீளமான, உள்ளே நீராவி ஓடுகிற இஸ்திரி இயந்திரம். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, இழுத்து நேராக்கி, இரண்டு பேரும் ஒரே நொடியில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு சுருண்டுவிடும். விரலும் கூடவே போகலாம். கூடத்து இரைச்சலில் வார்த்தை எடுபடாது. அதனால் நான் "ம்" என்பேன். தொண்டையிலிருந்து, அழுத்தமாக, ஒரே ஒரு "ம்". அண்ணியின் கை வந்துவிடும். எட்டு விநாடிக்கு ஒரு விரிப்பு, எட்டு விநாடிக்கு ஒரு "ம்". சண்டை போட்டு மூன்று நாள் முகம் பார்க்காமல் இருந்தபோதுகூட "ம்" மட்டும் நின்றதில்லை.

கூடத்தில் எங்களுக்கென்று ஒரு வைத்தியம் உண்டு. தலைவலியா, கழுத்துப் பிடிப்பா, மாதாந்திர வயிற்று வலியா, ஒரு துண்டை எட்டாக மடித்து உருளைக்கு அடியில் கொடுத்து எடுப்போம். எடுத்த சூட்டோடு வலிக்கிற இடத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் ஆள் எழுந்துவிடுவாள். கொதிகலன் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த மேற்பார்வையாளர்கூட, பல்வலி வந்தால் கோபத்தை மறந்து கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். முன்கட்டடத்தில் ஐந்நூறு டாக்டர்கள் இருக்கலாம். எங்கள் டாக்டர் துண்டுதான்.

உருளைக்கு வருவதற்கு முன்னால் அண்ணி பத்து வருஷம் உலர்த்தும் இயந்திரங்களில் இருந்தார். வடிகட்டியில் அப்பிக்கொள்ளும் பஞ்சுத் தூசியைத் தட்டி எடுக்கிற வேலை. ஒரு ஷிப்டுக்கு ஒரு சாக்குத் தூசி சேரும். அதோடு பிளீச்சிங் நெடி வேறு. "முகத்துக்குத் துணி கட்டவும்" என்று சுவரில் பலகை தொங்கியது. துணி கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாளைக்கு நாலாயிரம் துணி துவைக்கிற இடத்தில் மூக்கை மூட ஒரு முழம் துணி இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்.

ஐம்பது வயதில் அண்ணிக்கு இளைப்பு தொடங்கியது. மூன்றாவது மாடியில் நுரையீரல் டாக்டர். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். காகிதத்தைப் பார்த்தார்.

"சிகரெட்டு, பீடி ஏதாவது பிடிப்பீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். உங்க ஆஸ்பத்திரி பெட்ஷீட்டத்தான் இருபது வருஷமா பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார். இழுத்துக்கொள்ளும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அண்ணி மறுநாளும் உருளைக்கு வந்தார். நான் "ம்" என்றேன்.

பாதி நுரையீரலோடு அண்ணி இன்னும் ஆறு வருஷம் ஓட்டினார். முதுகுதான் அவரைக் கவிழ்த்தது. ஈர விரிப்பு நிரம்பிய தள்ளுவண்டி ஒன்று சரிவில் உருண்டுவந்து அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. வண்டியின் பிரேக் முந்தின வாரமே போயிருந்தது. கொதிகலனிடம் நானே சொல்லியிருந்தேன். முதுகெலும்பில் இரண்டு கணு நொறுங்கி, ஆபரேஷன் செய்து, திருகாணி போட்டு, வேலையிலிருந்து அனுப்பினார்கள். பிரிவு உபசாரப் பரிசு என்ன தெரியுமா? ஒரு ஜோடி வெள்ளைப் படுக்கை விரிப்பு. படுக்கவே முடியாத பெண்ணுக்கு!

ஆமாம், அண்ணியால் படுக்க முடியாது. முதுகு தரையில் பட்டால் ஆணி இறங்குவது போல இருக்கும் என்பார். ஒருக்களித்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து, பரீட்சை எழுதிக் களைத்த பிள்ளை மாதிரி அதில் முகம் கவிழ்த்துக்கொள்வார். இரண்டு வருஷம் அப்படித்தான் தூங்கினார். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கம் கோபித்துக்கொள்ளும். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். "மல்லாக்கப் படுத்து அந்த விட்டத்தப் பாக்கணும், அவ்வளவுதான்" என்பார். கோடி கேட்கவில்லை, விட்டத்தைக் கேட்டார்.

என் அண்ணன் பூட்டு ரிப்பேர்க்காரர். எந்தப் பூட்டையும் திறப்பார், சொந்த வாயைத் திறக்கமாட்டார். அண்ணி மேசையில் முனகிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சாவியை அராவிக்கொண்டே இருப்பார். அவருடைய அழுகை அது.

முதுகுவலிக்காக ஐந்தாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா. அன்றைக்குக் காலையில் மூன்றாவது மாடியில் வழக்கமான பரிசோதனை இருந்தது. ஐந்தாவது மாடிக்குப் போகிறோம் என்றதும் நுரையீரல் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"அங்க மார்ஃபின் மாதிரி ஸ்ட்ராங்கான மருந்து குடுப்பாங்க. உங்க நுரையீரல் விஷயத்த முதல்ல சொல்லுங்க. அந்த மருந்து வலிய மட்டும் அடக்காது, மூச்சையும் மந்தமாக்கும். நல்ல நுரையீரலுக்கே பயம். உங்களுக்குக் கேக்கவே வேண்டாம்."

இதை அவர் தம் கோப்பிலும் எழுதினார். அந்தக் கோப்பு மூன்றாவது மாடி அலமாரிக்குப் போனது.

மாடிப்படியில் ஏறினோம். நாலாவது மாடித் திருப்பத்தில் அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

"கீழ சொன்னத மேல சொல்லாத."

"என்ன அண்ணி வெளையாடறீங்களா?"

"சொன்னா குடுக்கமாட்டாங்க."

"சொல்லாம வாங்கிச் சாப்பிட்டுச் செத்துப் போவீங்களா?"

"ரெண்டு வருஷமா உக்காந்துகிட்டே தூங்கறேன். நீ ஒரே ஒரு வாரம் அப்படித் தூங்கிப் பாரு. அப்புறம் வந்து எனக்குப் புத்தி சொல்லு."

வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணி பேச்சைக் கேட்டேன்.

டாக்டரம்மா நல்லவர், அதையும் சொல்லிவிட வேண்டும். கையைத் தொட்டுப் பேசினார். "மூச்சுப் பிரச்சினை ஏதாவது உண்டா?" என்று கேட்கவும் கேட்டார். "மாடி ஏறினா இளைக்கும், யாருக்குத்தான் இளைக்காது" என்றார் அண்ணி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அண்ணி பூசணிக்காயை வைத்தார், நான் மேலே சோறு போட்டேன். "வயசாச்சுல்ல டாக்டர்" என்றேன். விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தபோது டாக்டரம்மாவின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். புருவம் இறங்கிவிட்டது. இரண்டு மாடி கீழே ஒரு கோப்பு இருந்தது. அவர் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. நாங்கள் மறைத்தோம். ஆனால் மறைத்ததைத் தேடுகிற வேலை ஒருவருக்கும் இல்லையா?

முதலில் ஆறு வாரம் மாத்திரை. வலி பாதியானது. பிறகு பிளாஸ்திரி. தீப்பெட்டி அளவு, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது. முதுகின் மேல்பக்கம் ஒட்டினால் மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று. டாக்டரம்மா ஒரு தாளைப் பார்த்து வேகமாகப் படித்தார்: "ஹீட்டிங் பேட், ஹாட் வாட்டர் பேக், எலக்ட்ரிக் கம்பளி எதையும் அது மேல வைக்கக்கூடாது. ரொம்பத் தூக்கமா இருந்தா, எழுப்பினா எழுந்திருக்கலைன்னா, உடனே வரணும்." ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது அண்ணி சிரித்தார். "சாதாக் கம்பளியே இல்ல, இதுல எலக்ட்ரிக் கம்பளி!"

பிளாஸ்திரி ஒட்டிய நாலாம் நாள் அண்ணி படுத்தார். அந்தப் பரிசு விரிப்பை உறை பிரித்துக் கட்டிலில் போடச் சொன்னார். மெல்ல உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, முதுகு விரிப்பில் பட்டதும் கண்ணை இறுக்கி மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மற்றதையும். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டடை அடிச்சு எத்தன வருஷமாச்சு? நாத்தனார்னு ஒருத்தி இருந்து என்ன பிரயோசனம்?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒட்டடை அடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் எல்லோரும் மனிதர்களாக இருந்தோம். அண்ணிக்கு மலச்சிக்கல், வாய் உலர்ச்சி, பேசிக்கொண்டே இருக்கும்போது கண் செருகுவது எல்லாம் இருந்தன. யார் பொருட்படுத்தினோம்? அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அண்ணனுக்கு வாயே திறந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "முப்பது வருஷமா என் குறட்டையத் திட்டினவ. இப்ப பாருங்க, என்னையே தோக்கடிக்கறா." அந்தக் குறட்டை தொண்டை தளர்ந்து மூச்சு திணறுகிற சத்தம் என்று பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு அது நிம்மதியின் சத்தமாகக் கேட்டது. காது கெட்டதா, ஆசை கெடுத்ததா, தெரியவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அனல் அடித்தது. காலையில் ஒட்டிய புதுப் பிளாஸ்திரியின் ஒரு ஓரம் வியர்வையில் எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணி கவலைப்பட்டார். "விழுந்துடுச்சுன்னா மூணு நாள் நான் மறுபடி நாற்காலிதான். ஏதாவது பண்ணு."

அண்ணி வேலையிலிருந்து போனபின் என்னை உருளையிலிருந்து லேபிள் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரித் துணி ஒவ்வொன்றிலும் வார்டு பேர் போட்ட சின்ன லேபிளை ஒட்டுவது. பசை கிடையாது, தையல் கிடையாது. சூடு காட்டி, அழுத்தி, பன்னிரண்டு எண்ண வேண்டும். நூறு சலவைக்கும் அசையாது. ஓரம் எழும்பிய லேபிளை ஒரு நாளைக்கு முந்நூறு முறை பார்க்கிறவள் நான். எழும்பினால் என்ன செய்வது என்று என் கைக்குத் தெரியும். மூளையைக் கேட்க வேண்டியதில்லை.

துண்டை எட்டாக மடித்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் துண்டின்மேல் தேய்த்தேன். சட்டையை விலக்கி, பிளாஸ்திரி மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பன்னிரண்டு எண்ணினேன். ஓரம் படிந்துவிட்டது.

"எடுக்காத, இதமா இருக்கு" என்றார் அண்ணி. "கூடத்துல இருக்கற மாதிரி இருக்கு."

டாக்டரம்மா சொன்னது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? அவர் சொன்னவை எங்கள் வீட்டில் இல்லாத பொருட்கள். இது துண்டு. துண்டைப் போய் யாராவது ஆபத்து என்று நினைப்பார்களா? ஆறியதும் இன்னொன்று மடித்து வைத்தேன். மூன்றாவதைச் சூடாக வைத்து, அதன்மேலேயே அவரை மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

"நீ நல்லா இருப்ப போ" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து.

முன்னறையில் நானும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே குறட்டை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் காதில் ஏதோ இடறியது. பதினாறு வருஷம் எட்டு விநாடிக்கு ஒருமுறை "ம்" சொன்ன உடம்பு இது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே உருளை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு விரிப்பு போனது. அடுத்த இடைவெளியில் இரண்டு விரிப்பு. டம்ளரைக் கீழே வைத்தேன். மூன்றாவது விரிப்பும் போய்விட்டது.

எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"எங்க போற? தூங்கட்டும் விடு. எத்தன வருஷம் கழிச்சுத் தூங்கறா."

"கைய விடுங்கண்ணா!"

அண்ணியின் உதடு நீலமாகியிருந்தது. கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். நாத்தனார் அண்ணியை அடித்தாள் என்று ஊர் பேசட்டும், ஓங்கித்தான் அறைந்தேன். ஒரு மூச்சு இழுத்தார். அதோடு நின்றது.

அண்ணன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து என் காதில் வைத்தார். ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது. "வலி மருந்து ஏதாவது எடுக்கறாங்களா? பிளாஸ்திரியா? உடனே பிச்சு எடுங்க. மூச்சு விடச் சொல்லிக்கிட்டே இருங்க. சில பேருக்குச் சொன்னா கேக்கும். சொல்றத நிறுத்தாதீங்க."

அண்ணனும் நானும் அவரைப் புரட்டினோம். துண்டு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்தேன். வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். நான் ஒட்டியதல்லவா, நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. தோலோடு உரித்தெடுத்தேன்.

"மூச்சு விடுங்க அண்ணி. அண்ணி, மூச்சு விடுங்க." அசைவில்லை. அண்ணன் பேர் சொல்லிக் கத்தினார். அசைவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்தேன். கை தானாக விரிப்பு பிடிக்கிற மாதிரி பிடித்தது. தொண்டையிலிருந்து வந்தது:

"ம்."

அண்ணியின் மார்பு எழும்பியது.

எட்டு எண்ணினேன். "ம்." எழும்பியது. சும்மா இருந்து பார்த்தேன். எழும்பவில்லை. "ம்." எழும்பியது. ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் விரிப்பு கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணி கண்ணைத் திறந்தார். திறந்ததும் அலறினார். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஊசி மருந்தை விரட்டுகிற ஊசி. மூச்சை அழுத்துகிற கையை எடுக்கும்போது வலியை அழுத்துகிற கையையும் சேர்த்தே எடுத்துவிடும். இரண்டரை மாதமாக அடக்கி வைத்திருந்த வலி எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. உயிர் வந்ததற்கு நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கட்டிலில் அவர் வில்லாக வளைந்தார். தோலுக்கடியில் மருந்து மிச்சம் இருக்கிறது, ஊசியின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி மந்தமாகும் என்று இரண்டு நாள் சொட்டு சொட்டாக அதையே ஏற்றினார்கள்.

ட்யூட்டி டாக்டர் கேட்டார். "சூடு வெச்சீங்களா? சூடு பட்டா மூணு நாள் மெதுவா இறங்க வேண்டிய மருந்து வேகமா இறங்கிடும். வைக்கக்கூடாதுன்னு சொல்லலையா?"

"துண்டுன்னு சொல்லல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்திருக்க வேண்டும்.

மறுநாள் மூன்றாவது மாடியும் ஐந்தாவது மாடியும் அண்ணியின் கட்டிலருகே முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டன. "என் கோப்புல எழுதியிருக்கேன்" என்றார் இவர். "என்கிட்ட சொல்லல" என்றார் அவர். நடுவில் அண்ணி மத்தளம் மாதிரி கிடந்தார், இரண்டு பக்கமும் இடி. கடைசியில் காகிதத்தில் எழுதினார்கள்: வீட்டாரின் கவனக்குறைவு. சரி, ஒப்புக்கொள்கிறேன். நான்தான். ஆனால் பத்து வருஷத் தூசியும், பிரேக் இல்லாத வண்டியும், இரண்டு மாடி ஏறாத கோப்பும் எந்தக் காகிதத்திலும் இல்லை. துண்டு மட்டும் இருக்கிறது.

டாக்டரம்மா எங்களை விட்டுவிடவில்லை. "ஒரு வாரம் வார்டுல படுக்கட்டும். மூச்சக் கவனிச்சுக்கிட்டே ரொம்பக் கொஞ்சமா மறுபடி ஆரம்பிக்கலாம். முடியாததில்ல" என்றார்.

"அந்தச் சனியன் இனிமே என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அண்ணன். பேசாத மனுஷன் பேசினால் அதுதான் தீர்ப்பு.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீ சொன்னா உங்க அண்ணன் கேப்பாரு."

நான் சொல்லவில்லை. பயம். மறுபடி ஒரு மத்தியானம் உட்கார்ந்து மூச்சை எண்ண என்னால் முடியாது. வேண்டாம் அண்ணி, உயிர் இருந்தால் போதும் என்றேன். போதும் என்று முடிவு செய்ய நான் யார்? வலி என்னுடையதா?

அண்ணி நாற்காலிக்குத் திரும்பினார். மேசை, தலையணை, கவிழ்ந்த முகம். பரிசு விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்தோம். அண்ணன் மறுபடி சாவியை அராவ ஆரம்பித்தார்.

நாலைந்து மாதம் கழித்து, நான் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி மேசையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கு நீ 'ம்' சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

என் கை நின்றுவிட்டது.

"எங்கயோ கெணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருந்துச்சு. வலி இல்ல. ஒண்ணுமே இல்ல. அவ்வளவு நல்லா இருந்துச்சுடி. ஒவ்வொரு தடவையும், இந்த வாட்டி விடக்கூடாதுன்னுதான் நெனச்சேன். பாழாப்போன பழக்கம். நீ 'ம்'னா என் கை வந்துடுது."

"என்ன பேச்சு அண்ணி இது!"

"அடுத்த தடவை சொல்லாத."

கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். உங்களுக்குப் போய் நான் இருபத்தைந்து நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினேனே என்று அழுதேன். அவர் காதில் வாங்கவில்லை. "கழுத்துல இன்னும் கொஞ்சம் கீழ அமுக்கு" என்றார்.

பதினாலு மாதம் அந்த நாற்காலியில் இருந்தார். கடைசியில் ஒரு சளி பிடித்தது. சாதாரணச் சளிதான், பாதி நுரையீரலுக்கு அதுவே அதிகம். நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, இனிமேல் இங்கே வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் இருக்கட்டும் என்றார். நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வெயில் மேசையில் விழுந்திருந்தது. அண்ணி தலையணையில் ஒரு கன்னத்தைச் சாய்த்திருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் ஒரு விரிப்பு போனது. பிறகு இரண்டு.

அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லு. அன்னைக்கு மாதிரி சொல்லு. உனக்குத்தான் கேப்பா. ஒரே ஒரு தடவை சொல்லும்மா."

அண்ணியின் கண் பாதி திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது. அந்த "ம்" என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்று விரிப்பு. அண்ணன் அவரே "ம், ம்" என்று சொல்லிப் பார்த்தார். அவர் குரலுக்கு அந்தக் கை பழகவில்லை. நாலு விரிப்பு. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. முன்பும் பெரிதாகப் பேசினவர் இல்லை, ஆனால் இது வேறு. கடை வாசலில் என்னைப் பார்த்தால் கையில் இருக்கிற பூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அண்ணி பேச்சை நான் கேட்டது இரண்டே முறை. இரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார், மூடிக்கொண்டிருந்தேன். முதல் முறை நான் செய்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார்.